முப்பது மில்லியும் மூன்று டிக்கெட்டும்

அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கீழே வைத்தால் டப்பா உருண்டு டிரைவர் காலடிக்குப் போய்விடும். குழந்தைச் சாமான் இல்லை. நீங்கள் பார்த்த பார்வையிலேயே அந்தக் கேள்வி தெரிந்தது. இருமல் மருந்து ஊற்றிக் கொடுக்கிற மாதிரி குட்டிக் கப் ஒரு டஜன், புரோட்டீன் பவுடர் ஒரு டப்பா, வடிகட்டி ஒன்று, மணியடிக்கிற டைமர் ஒன்று. எல்லாம் எங்கம்மாவுக்கு. வயது நாற்பத்தெட்டு. எடை நூற்றுப் பதினான்கு கிலோ.

பார்த்தீர்களா, இரண்டாவது எண்ணுக்குப் புருவத்தைத் தூக்கினீர்கள். முதல் எண்ணுக்குத் தூக்கவில்லை. இந்தச் சமூகத்தின் பிரச்சினையே உங்கள் புருவத்தில் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பொதுவாகச் சொன்னேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் அளவுக்குத் தைத்துவிடுவார்கள். இன்று காலையில் அம்மாவை அட்மிட் செய்தாயிற்று. கூட இருப்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்குள். இன்னும் போடவில்லை. எனக்குப் பதினான்கு ஆட்சேபணை இருக்கிறது. எழுதியே வைத்திருக்கிறேன்.

நீங்கள் சிங்காநல்லூர் வரைக்கும்தானே? அப்படியானால் நேரமிருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் பெயர் கோகிலவாணி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு, மூன்றாவது வருடம். தலைப்பு, 'உடல் யாருக்குச் சொந்தம்?' பேச்சுப் போட்டிக் கோப்பை ஏழு வீட்டில் இருக்கிறது. எட்டாவதை நடுவர் ஓரவஞ்சனை செய்து வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார். அது தனிக் கதை, நேரமிருந்தால் சொல்கிறேன்.

அம்மா வசந்தாமணி, அரசு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஆமாம், பெண் கண்டக்டர்தான். அப்பா டிரைவராக இருந்து, மாரடைப்பில் போய்விட்டார். வாரிசு வேலை அம்மாவுக்கு வந்தது. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. இருபது வருடம் அக்கா, தோளில் பை, வாயில் விசில். வீட்டிலும் அந்த விசில்தான். நான் பேச ஆரம்பித்து நிறுத்தாவிட்டால் ஒரு விசில். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். எனக்கு நினைவு தெரிந்து இரண்டு விசில் வீட்டில் கேட்டதில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் டிக்கெட் பையில் பேனா தேடினேன். ஒரு வழவழப்பான காகிதம் வந்தது. ஒரு அம்மாள் தன்னுடைய பழைய சுடிதாரின் இடுப்பை இரண்டு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே இன்னும் இரண்டு பேர் நிற்கலாம் என்று காட்டிச் சிரிக்கிறாள். உடல்பருமன் அறுவை சிகிச்சை. கூடவே ஒரு ஃபைல். அம்மா மூன்று தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல்! தைப்பூசத்துக்குப் பழனி ஸ்பெஷல் டியூட்டி என்று ஒரு ராத்திரி போனாளே, அது பழனி இல்லை. தலையில் வயர் மாட்டித் தூங்க வைத்து, தூக்கத்தைப் பரிசோதனை செய்திருக்கிறார்கள்.

"யாரு உன்னைச் சொன்னா? பேரைச் சொல்லு" என்றேன்.

"யாரும் ஒண்ணுஞ் சொல்லுல கண்ணு."

"அப்ப ஏன் உன் உடம்பு மேல உனக்கே வெறுப்பு?"

"வெறுப்பா? எனக்கா?" என்று அம்மா தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா இருக்கிறவங்க எதுக்கு வயித்த வெட்டணும்?"

அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் எனக்கு வாதம் கிடைத்துவிட்டது. கிடைத்தால் விட முடியாது, அது என் பழக்கம். மருந்துக் கம்பெனி, விளம்பரம், சினிமா, மணமேடை, துணிக்கடைப் பொம்மை, எல்லாவற்றையும் வரிசையாக நிற்க வைத்து நாற்பது நிமிடம் பேசினேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அம்மா காப்பி டம்ளரைப் பிடித்தபடியே கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். பிற்பாடு டாக்டர் சொன்னார், ராத்திரியில் மூச்சு மணிக்கு முப்பது தடவை நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறார் என்று. இருக்கலாம். ஆனால் அந்த இருபத்தைந்தாவது நிமிடத்தில் நான் சொன்னதும் பலமான பாயிண்ட்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் ஃபைலில் இருந்தது. பட்டினி கிடந்து ஒன்பது கிலோ இறக்கி, பதினோரு கிலோ ஏற்றிய கணக்கும் இருந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் என்று ஒருவர் இருப்பார் இல்லையா? யாரோ சொல்லித்தானே அம்மாவுக்கு இந்த எண்ணம் வந்திருக்கும்? அந்த ஆளைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

பெரியம்மாவிடம் கேட்டேன். "நான் எதுக்குடி சொல்றேன், நானே நூத்தி ரெண்டு" என்றாள். அம்மாவோடு ஓடுகிற டிரைவர் ஆறுச்சாமி அண்ணனிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அம்மிணி, உங்கம்மாவை ஒரு வார்த்தை சொல்லிட்டு அந்த பஸ்ஸுல உசிரோட எறங்கிற முடியுமா?" என்றார். பிறகு ஏதோ சொல்ல வந்தார். "ஒண்ணே ஒண்ணு, கூட்டத்துல முன்ன மாதிரி..." அதற்குள் அவருக்கு நேரமாகிவிட்டது. இல்லை, எனக்கு நேரமாகிவிட்டது. யாருக்கோ ஒருவருக்கு நேரமாகிவிட்டது.

மிச்சம் இருந்தது பயணிகள். ஆகவே ஆய்வு முறைப்படி இறங்கினேன். கேள்வித்தாள் தயாரித்தேன் அக்கா. ஏழு கேள்வி. 'நடத்துநரின் உடல் அமைப்பு உங்கள் பயணத்தை எவ்வகையிலேனும் பாதித்துள்ளதா? அ, ஆம். ஆ, இல்லை. இ, கருத்தில்லை.' முப்பது பிரதி எடுத்து, பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மாவின் பஸ்ஸிலேயே ஏறினேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அம்மாவுக்கு ஆதரவாகத்தானே? மக்கள் யாருக்கும் அம்மாவின் உடம்பு ஒரு குறையாகத் தெரியவில்லை என்று புள்ளிவிவரத்தோடு நிரூபித்தால், வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, உண்மை. சொன்னால் முடிவுகள் பாதிக்கப்படும்.

காலை எட்டரை மணி டவுன் பஸ் உங்களுக்குத் தெரியும். மில்லுக்குப் போகிறவர்கள், துணிக்கடைக்குப் போகிறவர்கள், பூக்கூடை, சாப்பாட்டுப் பை. பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஆனால் இலவச டிக்கெட்டும் டிக்கெட்தான். ஒவ்வொரு பெண்ணின் கையிலும் அந்தச் சீட்டு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் செக்கிங்கில் கண்டக்டர் மாட்டிக்கொள்வார். அம்மா பின் படிக்கட்டுக்குப் பக்கத்திலிருக்கிற கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கூட்டமோ முன்னால். "ஏனுங்க, எத்தன பேருங்க? கையத் தூக்குங்க!" என்று சத்தம் போட்டு எண்ணி, கிழித்து, பக்கத்திலிருப்பவர் கையில் கொடுப்பாள். அவர் அடுத்தவர் கையில். அப்படியே கை மாறி மாறி முன்னால் போகும். பார்க்க அழகாக இருந்தது. கூட்டுறவு வாழ்க்கைக்கு ஒரு சான்று என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது சீட்டில் ஒரு பூக்கார அம்மாள். கேள்வித்தாளைக் கண்டதும், "இது மாசம் ஆயிரம் ரூவா தர்றாங்களே, அதுக்கா கண்ணு? எனக்குப் போன தடவை விட்டுப்போச்சு" என்றாள்.

"இல்லீங்கம்மா, கண்டக்டரைப் பத்தி."

"என்னாச்சு கண்டக்டரம்மாளுக்கு? யாரு கம்ப்ளைண்ட் குடுத்தது? அதைச் சொல்லு மொதல்ல!" பக்கத்திலிருந்த மில் பெண்கள் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். "தங்கமான மனுசி. அது மேல யாரு பிராது எழுதறது? நீ யாரு?"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. 'இல்லை' என்ற இடத்தில் டிக் அடித்துக்கொண்டே போனேன். பூக்கார அம்மாள்தான் கொஞ்சம் இழுத்தாள். "ஆனா முன்ன மாதிரி எந்திரிச்சு வர்றதில்ல. முன்னெல்லாம் ஒவ்வொருத்தருகிட்டயும் வந்து நிக்கும். என்ற முழங்கால் எப்படியிருக்குன்னு கேக்கும். அந்தச் சத்தம் மட்டுந்தான் இப்ப வருது." இது கேள்விக்குச் சம்பந்தமில்லாத தகவல். அதற்குக் கட்டம் இல்லை. விட்டுவிட்டேன்.

கேள்வி ஏழு, 'நடத்துநருக்கு நீங்கள் கூற விரும்பும் செய்தி?' அதைப் பூக்கார அம்மாளிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போது செக்கிங் ஏறிவிட்டது.

மூன்று பேரிடம் டிக்கெட் இல்லை. அதே மூன்று மில் பெண்கள்.

"ஃப்ரீ டிக்கெட்டுதானேம்மா, அதைக்கூட வாங்க மாட்டீங்களா?" என்றார் செக்கர்.

"கேட்டோமுங்க, கையத் தூக்குனோமுங்க. வந்து சேரவே இல்லீங்க."

பின்னாலிருந்து அம்மா, "குடுத்தேனுங்க சார்! மூணுஞ் சேத்துக் குடுத்தேன்!" என்று கத்தினாள். எழுந்தாள். நடுவில் சாப்பாட்டுப் பைகள், கம்பியைப் பிடித்த கைகள், ஒரு கல்லூரிக் கூட்டம். இரண்டு சீட் தாண்டி அம்மா அப்படியே நின்றுவிட்டாள். வியர்வை. மூச்சு வாங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

நான் சும்மா இருப்பேனா? "சார், ஒரு கேள்வி" என்றேன். காசே இல்லாத டிக்கெட் இல்லாமல் போனால் அரசுக்கு என்ன நஷ்டம்? கொடுத்ததாகக் கண்டக்டர் சொல்கிறார், கேட்டதாகப் பயணிகள் சொல்கிறார்கள், இதில் குற்றம் எங்கே இருக்கிறது? இரண்டு ஸ்டாப் பேசினேன். பஸ்ஸே கை தட்டியது. செக்கர் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு பார்த்தால் மெமோவில் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, நடத்துநர் இருக்கையிலேயே அமர்ந்து சீட்டு வழங்குகிறார். இரண்டு, பெண் பயணி ஒருவர் நடத்துநருக்கு ஆதரவாகப் பரிசோதகரைப் பணி செய்யவிடவில்லை. அந்த இரண்டாவதைப் பற்றி எனக்கு ஒரே ஆட்சேபணைதான். பெயரைப் போடவில்லை.

அம்மா திட்டவில்லை. "நீ இங்கயே எறங்கிக்க" என்றாள். ஒரு விசில்.

டெப்போவில் விசாரணை. "வண்டிக்குள்ள நடக்க முடியறவங்கதான் லைன்ல ஓட முடியும். முடியலீன்னா உள்ளேயே உக்காந்துக்கங்க" என்று சொல்லி அம்மாவை ஆபீசில் ஒரு நாற்காலியில் போட்டார்கள். ஆறு மாதம் பார்ப்பார்களாம். அதற்குள் நடக்க முடிந்தால் பஸ், இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலிதான். நல்ல மின்விசிறி, நல்ல நாற்காலி. எனக்கு அது ஒரு வகையில் தீர்வு மாதிரியே பட்டது. அம்மா தினமும் நாலு மணிக்கு, தன்னுடைய பஸ் டெப்போவுக்குள் திரும்பும்போது ஜன்னலுக்கு வந்து நிற்பாளாம். ஆறுச்சாமி அண்ணன் சொன்னார்.

செக்கிங் நடந்த மறுநாள் லைப்ரரியில் உட்கார்ந்து கேள்வித்தாளை எண்ணினேன். இருபத்துநாலு 'இல்லை', ஒரு 'ஆம்', ஒரு 'கருத்தில்லை'. அடுத்த தாளைப் புரட்டினேன்.

கிளிப்பில் மூன்று டிக்கெட்.

அக்கா, இதை உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன். உங்களுக்கும், அப்புறம் ஒரு மனநல டாக்டருக்கும், ஒரு டயட்டீஷியனுக்கும், எங்கம்மாவுக்கும். யாரோ பின்னாலிருந்து, "இத முன்னாடி குடும்மா" என்று கையில் வைத்திருக்கிறார்கள். நான் ஏழாவது கேள்வியில் இருந்திருக்கிறேன். கை பாட்டுக்குக் கிளிப்பில் மாட்டிவிட்டது. அந்த மூன்று பெண்களும் எனக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் வாங்கிய பதிலையும் அவர்களுடைய டிக்கெட்டையும் ஒரே கிளிப்பில் வைத்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை ஆராய்ந்து பார்த்தால், குற்றம் என்னுடையது அல்ல என்பது விளங்கும். அந்தக் கிளிப் மிக இறுக்கமான கிளிப். மேலும், கை மாறிப் போகிற ஒரு அமைப்பில் ஒரு தனிநபரைப் பொறுப்பாக்குவது... என்ன? ஆமாம். சரி. ஆமாம்.

மேலே கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு விதி. கேட்டவுடனே வெட்டிவிட மாட்டார்கள். நாலு தடவை உட்கார வைத்துப் பேசி, யோசித்துவிட்டு வாங்க என்று அனுப்புவார்கள். வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். அம்மாவுக்கு வீடு என்றால் நான்தான். "வா. ஆனா பேசப்படாது" என்றாள். அந்த நிபந்தனை கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் விளக்கினேன். பிறகு ஒத்துக்கொண்டேன்.

முதல் தடவை சர்ஜன். படம் வரைந்து காட்டினார். இது அழகுக்காகச் செய்கிற ஆபரேஷன் இல்லை, இதிலும் ஆபத்து உண்டு, தையல் கசியலாம், ரத்தம் உறையலாம், ஆயுசுக்கும் விட்டமின் மாத்திரை என்று அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் வைத்திருந்த குறிப்பில் பாதியை எதிரணியே பேசிவிட்டால் எப்படி? பஸ்ஸின் நடைபாதை குறுகலாக இருப்பதுதான் உண்மையான நோய், அதற்கு அம்மாவை ஏன் வெட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். "பஸ்ஸை அகலமாக்குற ஆபரேஷன் எங்ககிட்ட இல்லம்மா. இருந்தா சொல்றேன்" என்றார். அம்மா பைக்குள் கைவிட்டு விசிலைத் தொட்டுக் காட்டினாள். உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது, மூன்றாவது தடவை ஹெலன் மேடம். டயட்டீஷியன். இவரும் பேசுகிற ஆள். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் திரவம். ஈரல் சுருங்கினால்தான் சர்ஜனுக்கு இடம் கிடைக்குமாம். பிறகு ஒரு மடக்கு என்றால் முப்பது மில்லி, இந்தக் குட்டிக் கப்பில். பிறகு கூழ், பிறகு மசித்தது. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஒரு வாயை முப்பது தடவை மெல்ல வேண்டும். முடி கொஞ்சம் கொட்டும், பயப்படக் கூடாது. அம்மா எல்லாவற்றையும் டிரிப் ஷீட் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

நாலாவதுதான் முக்கியம். மனநல டாக்டரும் ஹெலன் மேடமும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் மெதுவாகப் பேசுகிற மனிதர். "இத்தனை வருசம் இல்லாம இப்ப ஏன்மா இந்த முடிவு?" என்று கேட்டார்.

அம்மா யோசித்தாள். "மூணு டிக்கெட்டுங்க" என்றாள்.

நான் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"பதினெட்டு வருசம் முன் படியிலிருந்து பின் படி வரைக்கும் நடந்து டிக்கெட் குடுத்தவ நானு. யாரு எங்க ஏறுவா, யாருக்கு என்ன சீக்கு, யாரு புருசன் குடிக்கிறான், எல்லாந் தெரியும். ரெண்டு வருசமா உக்காந்துட்டே குடுக்கறேன். இப்ப மொகமே தெரியறதில்ல சார். கைங்க மட்டுந்தான் தெரியுது. அன்னைக்கு மூணு டிக்கெட் போய்ச் சேருல. அதுவரைக்கும் விசாரிச்சுட்டு மட்டுந்தான் இருந்தேன், அப்பத்தான் முடிவு பண்ணுனேன். நெறஞ்ச பஸ்ஸுல ஒரு தடவை முன்னயிருந்து பின்ன வரைக்கும் நானே நடக்கோணும். அவ்வளவுதானுங்க."

பதினோரு நிமிடம் நான் வாயே திறக்கவில்லை அக்கா. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடம் எழுந்து நின்றுவிட்டேன். "நடுவர் அவர்களே" என்றுதான் வாயில் வந்தது. பழக்கதோஷம். "அந்த மூன்று டிக்கெட்டும் என்னிடம் இருக்கிறது. நான்தான் என் அட்டையில் மாட்டி வைத்துவிட்டேன். அம்மா கொடுத்தது சரி, போய்ச் சேராதது என்னால். ஆகவே அம்மா முடிவுக்கு ஆதாரமான நிகழ்ச்சியே தவறு. ஆதாரம் தவறானால் முடிவும் தவறு. இந்த ஆபரேஷன் தேவையில்லை!" என்று சொல்லி, பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, வாதம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் யார் கை தட்டுவார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அம்மா டிக்கெட்டைப் பார்க்கவே இல்லை. "எனக்குத் தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"நீ கிளிப்புல மாட்டுனதைப் பாத்துட்டுத்தானே இருந்தேன். வாணி, வாணின்னு மூணு தடவை கூப்புட்டேன். நீ பூக்காரம்மாகிட்டக் கேள்வி கேட்டுட்டு இருந்தே. விசில் அடிச்சா பஸ் நின்னு போகும். சரி, நானே போய் எடுத்துக் குடுத்தர்லாம்னு எந்திரிச்சேன். எட்டு சீட் தள்ளி நிக்கறே நீ. என்ற புள்ளை. எட்டு சீட். என்னால வர முடியுல."

நான் மேஜை மேலிருந்த டிக்கெட்டைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

"அப்ப செக்கர்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ இன்னும் ரெண்டு ஸ்டாப் பேசியிருப்பே."

ஹெலன் மேடம் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆபரேஷன்ல உங்களுக்கு எதுக்குமா பயம்?" என்று அம்மாவைக் கேட்டார். நான் உடனே, "மயக்க மருந்து, கத்தி..." என்று ஆரம்பித்தேன். "உங்களைக் கேக்கல" என்றார்.

இதையாவது நான் கேட்டிருக்கலாம் இல்லையா? மூன்று மாதமாக இத்தனை கேள்வி தயாரித்தேன். முப்பது பிரதி எடுத்தேன். இந்தக் கேள்வி எந்தத் தாளிலும் இல்லை.

அம்மா டிக்கெட் பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "கத்திக்கெல்லாம் பயமில்லீங்க. நான் டியூட்டி முடிஞ்சு வந்து சாப்புட உக்காரும்போதுதான் இவ வந்து எதுத்தாப்புல உக்காருவா. அன்னைக்கு யாரோட சண்டை, யாரு என்ன சொன்னா, எல்லாம் அப்பத்தான் சொல்லுவா. நானும் இன்னொரு சப்பாத்தி, இன்னொரு சப்பாத்தின்னு கேட்டுட்டே இருப்பேன். அவ நிறுத்தறதுக்குள்ள எந்திரிக்க மனசு வராது. இனி ரெண்டு ஸ்பூன்ல சாப்பாடு முடிஞ்சிருமாமா. அப்பறம் அவ யாருகிட்டச் சொல்லுவா? அதுதாங்க."

நான் பேசவில்லை. விசில் அடிக்காமலேயே பேசவில்லை.

ஹெலன் மேடம்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "யாரு சொன்னது ரெண்டு ஸ்பூன் ரெண்டு நிமிசத்துல முடியும்னு? அரை மணி நேரம் ஆக்கணும். அவசரமா முழுங்கினா வாந்திதான். ஒரு வாய் வைக்கணும், முப்பது தடவை மெல்லணும், ஸ்பூனைக் கீழ வெச்சுடணும், ரெண்டு நிமிசம் கழிச்சு அடுத்த வாய். எங்க பேஷண்ட் முக்காவாசிப் பேர் இதுலதான் தோத்துப் போறாங்க. பக்கத்துல உக்காந்து நேரத்தை ஓட்ட ஆளில்ல." என் பக்கம் திரும்பினார். "ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு அரை மணி நேரம், நிறுத்தாமப் பேச முடியுமா உங்களால?"

என்னைப் பார்த்து, அக்கா! ஏழு கோப்பை வாங்கினவளைப் பார்த்து!

"முடியும். ஆனா அந்த முப்பது தடவைங்கிற எண்ணுக்கு அறிவியல் ஆதாரம் என்ன?" என்று கேட்டேன்.

அம்மா பைக்குள் கையை விட்டாள். விசிலை எடுத்தாள். நானும் சரி என்று உட்காரப் போனேன். அடித்தாள். ஒன்று. இன்னொன்று. வெளியிலிருந்து நர்ஸ் ஓடிவந்து கதவைத் திறந்தார். "ஒண்ணுமில்ல சிஸ்டர், வண்டியை எடுக்கச் சொன்னேன்" என்றாள் அம்மா.

ஆகவே, கடைசியில் வென்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள். சிகிச்சையில் பாதி பேச்சுதான் என்று அவர்கள் வாயாலேயே ஒத்துக்கொண்டார்களா இல்லையா?

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அம்மா தண்ணீர், மோர், பவுடர் என்று இருந்தாள். நானும் தோழமையாக அதையே குடிப்பதாக அறிவித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கேண்டீனில் வெங்காய பஜ்ஜி இரண்டு. கொள்கை ரீதியான தோல்வி அல்ல, உடல் ரீதியானது. வீட்டுக்குப் போனதும் அம்மா மோந்து பார்த்துவிட்டு, "எந்தக் கடை?" என்று மட்டும் கேட்டாள். அவள் பதினாலு நாளும் ஒரு வாய் வைக்கவில்லை. ஒரு கைப்பிடி நிலக்கடலைகூட. அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். எனக்கு எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்துதான்.

இன்று காலையில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். டெப்போ ஆறு மாதக் கெடுவில் நாலு மாதம் மிச்சம் என்று விரல் விட்டுச் சொன்னாள். சின்ன உருவமாகத் தெரிந்தாள் அக்கா. நூற்றுப் பதினான்கு கிலோ. எனக்குச் சின்னதாகத்தான் தெரிந்தாள்.

கையெழுத்தா? அதுதான் சொன்னேனே, பதினான்கு ஆட்சேபணை. ஐந்தாவது, தையல் கசிந்தால் என்ன செய்வீர்கள். ஒன்பதாவது, ராத்திரி யார் பக்கத்தில் இருப்பார்கள். பதினான்காவது... அதை ஆட்சேபணை என்று சொல்ல முடியாது. நாளைக்கு ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் நான் யாரிடம் பேசுவது என்று எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் பேனா இருக்குமா? என்னுடையது எழுதி எழுதித் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டால் கொடுப்பார்கள்தான். ஆனால் அங்கே போய்ப் பேனா கேட்டால், உடனே சம்மதித்துவிட்டேன் என்று அம்மா நினைத்துக்கொள்வாள். கையெழுத்து என்பது சம்மதம் அல்ல, உடனிருப்புக்கான சான்று மட்டும்தான். இந்த வேறுபாட்டை முதலில் அவளுக்கு விளக்க வேண்டும், அரை மணி நேரமாவது... நன்றி அக்கா. நீல மைதானே? நல்லது.

என்ன தம்பி? முன்னாடி கொடுக்கணுமா? எத்தனை, இரண்டா? யாருக்கு? அந்தச் சிவப்புச் சேலைக்காரம்மாவுக்கும் பக்கத்திலிருப்பவருக்குமா?

இல்லை, நீங்கள் நீட்டாதீர்கள் அக்கா. கை மாற்றி விட வேண்டாம். பையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், என் இடத்தை யாருக்கும் விட்டுவிடாதீர்கள். ஏழு சீட்தான். நானே போய்க் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன்.

கொஞ்சம் வழி விடுங்கள். வழி விடுங்கள் அண்ணா. டிக்கெட் போகிறது.